விடிவதற்கு முந்தைய மூச்சு: திருச்சிக் காவிரியில் ஆக்சிஜனும் மீன்பிடியும்

காவிரி கடலில் சேரும் பூம்புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடி இருக்கிறது. 1791 நவம்பரில் அங்கிருந்த டேனிஷ் கம்பெனியின் படை அதிகாரி டால்டார்ஃப், ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில் மீன் பிடித்தார். தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில், பட்டையின் ஈரமான பிளவில் அது இருந்ததாகவும், மேலும் ஏற முயன்றுகொண்டிருந்ததாகவும் அவர் எழுதிய குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. பிற்கால ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை. காக்கையோ பருந்தோ கொத்திக்கொண்டுபோய் மரத்தில் போட்ட மீனாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அந்த மீன் மழை ஈரத்தில் கரையேறி, செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து, ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போகும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நம் ஊரில் அதன் பெயர் பனையேறி.

மரம் ஏறியதா இல்லையா என்பதை விட, ஒரு மீன் தண்ணீரை விட்டு வெளியேறும் அளவுக்கு அதற்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. விடை அதன் தலைக்குள் இருக்கிறது. செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளின் மேல் இரத்தக் குழாய்கள் படர்ந்த ஓர் அறை உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்தே பனையேறி மூச்சு வாங்கிக்கொள்ளும். விரால், குரவை, தேளி ஆகியவற்றுக்கும் இப்படி ஏதோ ஒரு துணை உறுப்பு இருக்கிறது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே, 1860-களில் இவற்றை வைத்துச் சோதனை செய்தார். நீரின் மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே இருந்தும் இவை மூச்சுத் திணறிச் செத்தன.

கடைமடையின் தேங்கிய குட்டைகளும் கோரை மண்டிய சேற்று நிலங்களும் கோடையில் ஆக்சிஜனை இழப்பது காலங்காலமாக நடப்பது. அந்த வாழ்க்கைக்கு ஏற்பப் பழகியவைதான் இந்த மீன்கள். ஆனால் அது குட்டையின் இயல்பு. ஓடும் ஆற்றுக்கு அந்த இயல்பு கிடையாது. முக்கொம்பிலிருந்து கல்லணை வரை திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் தொட்டுக்கொண்டு போகும் நீர், ஆண்டின் சில மாதங்களில், சில இடங்களில், சில மணி நேரங்களில் குட்டையின் இயல்பை எடுத்துக்கொள்கிறது. மீன்பிடிக்கு அதனால் நேரும் கேடு, மீன்கள் செத்து மிதக்கும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு வெகு முன்பே வலையில் எந்த மீன் விழுகிறது, எது விழுவதில்லை என்பதில் அது தொடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

நீரில் எவ்வளவு மூச்சு?

நீரில் ஆக்சிஜன் இருக்கும் அளவு மிகச் சொற்பம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது. நாம் மூச்சில் பெறுவதில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான இருப்பை வைத்துக்கொண்டு மீன் குடும்பம் நடத்துகிறது. அதுவும் காற்றைப் போல 800 மடங்கு கனமான நீரைச் செவுள் வழியே ஓயாமல் தள்ளித் தள்ளி. இந்த நெருக்கடிக்கு ஏற்ற நுட்பம் செவுளில் இருக்கிறது. நீர் ஒரு திசையிலும் இரத்தம் எதிர்த்திசையிலும் ஓடுவதால், தொட்டுக்கொண்டு போகும் நீரிலுள்ள ஆக்சிஜனில் பெரும்பங்கை அது உறிஞ்சிவிடும். இருந்தும் கையிருப்பு கொஞ்சம்தான்.

வெயில் ஏற ஏற இந்தக் கையிருப்பும் குறையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராமைத் தாண்டும் அளவு, 35 டிகிரியில் 7-க்கு வந்துவிடும். மறுபுறம், நீரின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிக்கும். மார்கழிக் காவிரியில் வரவு அதிகம், செலவு குறைவு. சித்திரை வைகாசியில் வரவு சுருங்கி, செலவு பெருகிவிடுகிறது. திருச்சியின் கத்திரி வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்கள் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நன்றாக இரையெடுத்து வளரும். 3-க்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். ஒன்றை நெருங்கினால் நெடுநேரம் தாங்காது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை வகைப்படுத்தும்போது, மீன்வளத்துக்கு உரியது என்று ஒரு நீரைச் சொல்ல அதில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்கிறது. மனிதர் இறங்கிக் குளிக்கும் நீருக்கு 5 வேண்டும். ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபப் படித்துறையில் முழுக்குப் போடுபவருக்கும் அங்கே அடியில் நீந்தும் கெண்டைக்கும் விதி கேட்பது ஏறக்குறைய ஒரே அளவைத்தான்.

இந்தச் சிறு இருப்பை யார் தின்றுவிடுகிறார்கள்? பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. சாக்கடை நீரில் கரைந்திருக்கும் உணவுக் கழிவையும் மலத்தையும் சிதைக்க அவற்றுக்கு ஆக்சிஜன் தேவை. அந்தத் தேவையை அளக்கும் எண்ணைத்தான் பி.ஓ.டி. என்கிறோம். சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 225 என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சாக்கடை நீர் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள, ஏழரை மில்லிகிராம் நிறைந்த 30 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்சிஜன் முழுவதையும் கேட்கிறது. உடனே அல்ல, சில நாட்களில் மெல்ல மெல்ல. இடையில் ஓட்டமும் அலையும் காற்றிலிருந்து புது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெள்ளம் இரு கரையும் புரளும் ஆவணியில் ஆறு இந்தக் கடனை எளிதாக அடைத்துவிடும். கணுக்கால் ஆழத்துக்கு நீர் வற்றிய பங்குனியில் அதனால் முடியாது.

அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925-இல் இந்தக் கடன் கணக்கைச் சமன்பாடாக எழுதினார்கள். அதில் மீன் பிடிப்பவர்களுக்குப் பயன்படும் உண்மை ஒன்று இருக்கிறது. சாக்கடை ஆற்றில் கலக்கும் வாயிலேயே ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடுவதில்லை. கழிவைச் சிதைக்க நேரம் பிடிப்பதால், மிக மோசமான இடம் அங்கிருந்து கொஞ்ச தூரம் கீழே இருக்கும். வாய்க்கால் வாயில் மீன் துள்ளுகிறதே, ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர் தவறான இடத்தில் நின்று பார்க்கிறார்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

திருச்சியின் நீர்வழிகளை ஒருமுறை மேலிருந்து பார்த்துவிடுவோம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம். 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டியதிலிருந்து இரண்டுக்கும் நீரைப் பங்கிடுவது மனிதர் கையில் இருக்கிறது. பாசன நீர் காவிரியில் போகும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் போகும். அதனால் கொள்ளிடம் ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளி. காவிரியிலும் நீர் மேட்டூரின் நாட்காட்டிப்படிதான். ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது 1934-இல் கட்டி முடித்த அந்த அணையின் மரபு. அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அந்த மரபும் தவறிப்போகும்.

நகரத்துக்குள் வந்தால் இன்னும் சிக்கல். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ராஜராஜன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி வயல்களுக்குப் பாயும் அது, நடுவில் திருச்சியின் தெருக்களுக்குள்ளே நுழைந்து வெளியேறுகிறது. பாசன நீர் ஓடும் மாதங்களில் அது வாய்க்கால். நீரை நிறுத்திவிட்ட கோடையில் அதில் அசைவது பெரும்பாலும் ஊரின் கழிவுநீர்தான். அதன் மேல் ஆகாயத்தாமரை பாய் விரித்துவிடும். பச்சைப் பசேலென்று இருப்பதால் சிலருக்கு அது செழிப்பாகத் தெரியலாம். நீருக்கும் காற்றுக்கும் நடுவில் போட்ட மூடி அது. அடியில் வெளிச்சமும் போகாது, காற்றும் போகாது. செத்த இலையும் வேரும் கீழே விழுந்து அழுகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். கோரையாறும் குடமுருட்டியும் இதே கதையைச் சிறிய அளவில் சொல்கின்றன. குடமுருட்டி காவிரியிலேயே வந்து கலக்கிறது.

2018-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் 351 என்று பட்டியலிட்டது. அதில் மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரி முதல் முன்னுரிமை வகுப்பில் இருந்தது. முன்னுரிமை என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. பி.ஓ.டி. 30 மில்லிகிராமைத் தாண்டிய பகுதிகளைக் கொண்ட, மிக மோசமான வகுப்பு அது. குளிக்கும் நீருக்கான வரம்பு 3 மில்லிகிராம். அந்த நெடிய தூரம் முழுவதும் எப்போதும் அப்படி இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எங்கோ சில இடங்களில், சில நேரங்களில் அந்த அளவு பதிவாகியிருக்கிறது. ஆனால் மீனுக்கு அந்தச் சில நேரங்களே போதும். ஒரு மணி நேரம் மூச்சு நின்றால் மீதி இருபத்துமூன்று மணி நேரத்தின் நல்ல நீரால் அதற்குப் பயனில்லை.

கொள்ளிடத்தில் நடப்பது வேறு வகை. முக்கொம்பில் மதகை இறக்கியதும் வெள்ளம் வடிந்து, மணல் நடுவே மடுக்கள் மிஞ்சும். வெள்ளத்தோடு வந்த மீன்கள் அந்த மடுக்களில் சிறைப்படும். முன்பெல்லாம் இந்த மடுக்கள் ஆழமற்றவை. மணலுக்கு அடியில் ஊறி வரும் நீர் அவற்றைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். மணலை அள்ளி அள்ளி ஆழக் குழிகளான இடங்களில் நிலைமை மாறிவிட்டது. மேலே வெயிலில் சூடான நீர், கீழே கனமான நீர். இரண்டும் கலப்பதில்லை. அடித்தட்டின் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேறு கறுத்து, முட்டை அழுகிய வாடை வரும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது மீனுக்கு நேரடி நஞ்சு. ஒரு கோடைமழைக் காற்று வீசி மேல்நீரையும் கீழ்நீரையும் கலக்கிவிட்டால், மடு முழுவதும் ஒரே இரவில் மூச்சற்றுப் போகும். ஆடிக்கு முன் வரும் புதுத்தண்ணீரும் இதே ஆபத்தைச் சுமந்து வரக்கூடியது. ஊரே கும்பிட்டு வரவேற்கும் அந்த முதல் நீர், மாதக்கணக்கில் படுகையில் கிடந்த கருஞ்சேற்றையும் சாக்கடைத் தேக்கத்தையும் உருட்டித் தள்ளிக்கொண்டுதான் முன்னால் போகிறது.

அளக்கும் நேரம்

ஆக்சிஜனைப் பற்றிய பேச்சில் நாம் பெரும்பாலும் கோட்டைவிடுவது நேரத்தை. பச்சை படிந்த நீரில், பகலில் பாசி வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை உற்பத்தி செய்கிறது. உச்சி வேளையில் அந்த அளவு காற்றிலிருந்து கரையக்கூடிய அளவையும் தாண்டிவிடும். சூரியன் சாய்ந்ததும் உற்பத்தி நிற்கும். ஆனால் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கும். இரவு முழுக்கச் செலவு மட்டும்தான். விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கையிருப்பு அடிமட்டத்தைத் தொடும். மதியம் 11 மில்லிகிராம் காட்டிய அதே குளம் விடியற்காலை 1 காட்டுவது அதிசயமில்லை.

குளத்தில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது மனப்பாடம். ஐப்பசியில் இரண்டு மூன்று நாள் மூடாப்புப் போட்டால் அவர்கள் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். இருட்டோடு எழுந்து கரைக்குப் போவார்கள். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மோட்டாரை ஓட்டி நீரை உயரத்திலிருந்து கொட்டச் செய்வார்கள், அல்லது சக்கர ஏரேட்டரை முடுக்குவார்கள். அதுவும் இல்லையென்றால் மூங்கிலால் நீரை அடிப்பார்கள். அன்று அவர்கள் தூங்கிவிட்டால் ஓராண்டு முதலீடே மிதந்துவிடும்.

ஆற்றுக்கு இப்படி ஒரு காவலாள் இல்லை. காவிரியில் திருச்சிக்கு மேலும் கீழும் கல்லணையிலும் நீர் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். அது தேவையான பணி. ஆனால் குறித்த நாளில் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் ஒரு மாதிரி, ஆற்றின் நல்ல நேரத்தைத்தான் படம் பிடிக்கும். சர்க்கரை நோயாளி சாப்பிட்ட பின் ஒருமுறை, வெறும் வயிற்றில் ஒருமுறை இரத்தம் கொடுப்பதில்லையா? ஆற்றுக்கு ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்கிறோம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டும் என்று தயங்க வேண்டாம். ஹங்கேரி வேதியியலாளர் விங்க்லர் 1888-இல் சொன்ன முறை இன்றும் எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் நடக்கிறது. காற்றுக் குமிழி புகாமல் ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டையும் கார அயோடைடையும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு திரளும். இல்லவே இல்லையென்றால் படிவு வெள்ளையாக நிற்கும். துல்லியமான எண்ணுக்கு அதன்பின் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அந்த நிறத்தைக் கரையிலேயே, டார்ச் வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம். திருச்சியில் விலங்கியலும் வேதியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை.

வலைக்குத் தெரிவது

ஆக்சிஜன் குறையும்போது மீன் முதலில் செய்வது சாவதில்லை. முதலில் அது தின்பதை நிறுத்துகிறது. செரிமானத்துக்கே நிறைய ஆக்சிஜன் செலவாகும் என்பதால், மூச்சுக்குத் தட்டுப்பாடு வந்தால் வயிற்றைக் காயப்போடுவதே அதற்குப் பாதுகாப்பு. தூண்டில்காரருக்கு இது பழகிய ஏமாற்றம். மீன் கண்ணுக்குத் தெரிகிறது, தக்கை அசையவில்லை. மண்புழு நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் சரியில்லை.

அடுத்து, மீன் இடம் மாறும். அடித்தட்டிலிருந்து மேலே வரும். சாக்கடை வாயை விட்டு விலகும். நீர் விழுந்து நுரைக்கும் மதகடிக்குப் போகும். முக்கொம்பிலும் கல்லணையிலும் மதகுக்குக் கீழே மீன் சேர்வதற்குக் காரணங்கள் பல. எதிரேறி வந்த மீனுக்கு அணை தடை, அடித்து வரும் இரை அங்கே மிகுதி. காற்றோடு மோதி வெளுத்து விழும் நீரில் ஆக்சிஜன் அதிகம் என்பதும் ஒரு காரணம். ஆகவே மாலையில் ஆழத்தில் கட்டிய செவுள் வலை காலையில் வெறுமையாக வரும். அதே காலையில் மேலோட்டமாக வீசிய வீச்சு வலை கனக்கும்.

இந்தக் கனத்த வலைதான் பெரிய ஏமாற்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபைல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் கோடை விடியற்காலைகளில் நடக்கும் ஒரு நிகழ்வுக்கு ஜூபிலி என்று பெயர். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து, தட்டை மீனும் நண்டும் இறாலும் மூச்சுத் தேடிக் கரையோர ஆழமற்ற நீரில் வந்து குவியும். ஊர் கூடி வாளியில் அள்ளும். திருவிழாப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் நடப்பது மூச்சுத் திணறல். நம் மடுக்களிலும் மேலே வந்து மயங்கும் மீனைக் கையாலேயே பிடித்துவிடலாம். அந்த ஒரு நாள் வரவை வைத்து ஆற்றில் மீன் பெருகிவிட்டது என்று எண்ணினால், மறுமாதம் வலை உண்மையைச் சொல்லும். முட்டையிட வேண்டிய பெருமீன்கள் அன்றே போய்விட்டிருக்கும்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குப் படாமல் நேர்கிறது. செவுள் வலையில் மாட்டிய மீனால் செவுளைச் சரியாக அசைக்க முடியாது. நல்ல நீரில் அது விடியும் வரை உயிரோடு கிடக்கும். மூச்சற்ற நீரில் மாட்டிய சற்று நேரத்திலேயே சாகும். 30 டிகிரி நீரில் இரவெல்லாம் பிணமாகக் கிடந்த மீனின் கண் குழிந்து, செவுள் வெளுத்து, வயிறு இளகிவிடும். திருச்சி மீன் சந்தைகளில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் ஆற்றுமீன் வாங்குவதில்லை. துள்ளும் மீனுக்கும் துவண்ட மீனுக்கும் இருக்கும் விலை வேறுபாடு பரிசல்காரரின் கூலியிலிருந்துதான் கழிகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம், வலையில் எஞ்சும் இனங்கள். 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபம் என்ற ஊருக்கு ஒரு மீன் கொண்டுவரப்பட்டது. ஆப்பிரிக்க திலாப்பியா. நம் ஊரில் ஜிலேபி கெண்டை. இன்று தமிழகத்தில் அது இல்லாத நீர்நிலையைத் தேட வேண்டும். பிற கெண்டைகள் வாடும் அளவு ஆக்சிஜனிலும் அதன் இரத்தம் வேலை செய்யும். மேற்பரப்பில், காற்றைத் தொட்டிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சியே தாக்குப்பிடிக்கும். அதன் உண்மையான வலிமையை நான் வேறிடத்தில் பார்க்கிறேன். தாய் மீன் முட்டைகளை வாயில் வைத்துக்கொண்டு, நல்ல நீரைத் தேடி நகர்ந்து, அவற்றின் மேல் நீரை ஓடவிட்டுப் பொரிக்கிறது. ஆற்றுக் கெண்டைகள் அப்படியில்லை. அவை வெள்ளத்தை நம்பி முட்டையை நீரில் விட்டுவிடும். முட்டையால் நீந்தி ஓட முடியாது. அது போய்ச் சேரும் இடத்தில் மூச்சு இல்லையென்றால் அந்தத் தலைமுறை அங்கேயே முடிந்தது. ஆகவே ஆக்சிஜன் குறைவு தாய் மீனைக் கொல்லாமலேயே ஓர் இனத்தை ஆற்றிலிருந்து துடைத்துவிட முடியும். செத்து மிதக்காததால் அது செய்தியாவதும் இல்லை.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை இன்னும் கசப்பானது. அது காற்றைச் சுவாசிக்கும், கிடைத்ததையெல்லாம் தின்னும். 2000-இலேயே மத்திய அரசு அதன் வளர்ப்பைத் தடை செய்தும், கோழிக் கழிவு போட்டு வளர்த்தவர்களின் குட்டைகளிலிருந்து அது ஆறுகளுக்குள் புகுந்துவிட்டது. மூச்சற்ற நீரில் மற்ற மீன்கள் மயங்கும்போது இதற்கு அது விருந்து. நீர் கெடக் கெட இதன் கை ஓங்கும்.

ஆகவே எடையை மட்டும் எழுதி வைக்கும் எந்தப் பதிவேட்டிலும் இந்தச் சரிவு தெரியாது. நூறு கிலோ கெண்டையும் வாளையும் விழுந்த இடத்தில் நூறு கிலோ ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் விழுந்தால் கணக்கு நேராகத்தான் இருக்கும். மீன் பிடிப்பவர் வீட்டு வருமானம் நேராக இருக்காது. ஆற்றின் அடித்தட்டிலும் இதே மாற்றம். நல்ல நீரின் பூச்சிப் புழுக்கள் மறைந்து, சேற்றில் தலைபுதைத்து வாலாட்டும் சிவப்புப் புழுக்கள் பெருகும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபினின் நிறம். மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும் இரத்தம் அவற்றுக்கு இருக்கிறது. ஒரு வாய்க்காலின் சேற்றைக் கையில் அள்ளிப் பார்த்து, அது முழுக்கச் சிவந்திருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலே அந்த நீரின் நிலை விளங்கிவிடும்.

விஷமா, மூச்சுத் திணறலா?

ஏரியிலோ குளத்திலோ ஒரு காலை மீன்கள் மிதந்தால் முதலில் எழும் பேச்சு, யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்பது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவருக்கும் எடுக்க முடியாமல் போனவருக்கும் இடையே பகை இருந்தால் அது காவல் நிலையம் வரை போகும். விஷம் வைப்பதும் உண்மையில் நடக்கிற குற்றம்தான். 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே மீன் பிடிக்க நீரில் நஞ்சு கலப்பதையும் வெடி வைப்பதையும் தடுப்பதற்காக வந்தது. ஆனால் பல நேரம் குற்றவாளி நஞ்சு அல்ல. 2016 மார்ச்சில் பெங்களூரு அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கியபோது, கோடை வெப்பத்தில் கலந்த கழிவுநீரும் அதனால் வீழ்ந்த ஆக்சிஜனும் காரணமாகச் சொல்லப்பட்டன.

இரண்டையும் பிரித்தறியச் சில தடயங்கள் உண்டு. மூச்சுத் திணறல் பெரும்பாலும் விடியற்காலையில் கொல்லும். நஞ்சுக்கு நேரம் காலம் இல்லை. மூச்சுத் திணறலில் பெரிய மீன்கள் முந்திச் சாகும், குஞ்சுகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு தப்பும். நஞ்சில் குஞ்சுகளுக்குத்தான் முதல் அடி. மூச்சுத் திணறிச் செத்த மீன் பெரும்பாலும் வாய் பிளந்து, செவுள் விரிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விராலும் குரவையும் தேளியும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கெண்டை செத்து விரால் பிழைத்திருந்தால், பெரும்பாலும் அது மூச்சின் பிரச்சினை. விராலும் தவளையும் நீர்ப்பூச்சியும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சைத் தேடலாம். தரங்கம்பாடியில் மரம் ஏறியதாகச் சொல்லப்பட்ட அந்த மீனின் உறவுகள், இன்று ஒரு குளத்தின் மரண விசாரணையில் இப்படிச் சாட்சி சொல்கின்றன. ஆனால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? நாற்றம் தாங்காமல் பத்து மணிக்குள் எல்லாவற்றையும் அள்ளிப் புதைத்துவிடுகிறோம். நீர் மாதிரி எடுக்க ஆள் வரும்போது மதியமாகிவிடும். அதற்குள் வெயிலும் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை மேலே ஏற்றிவிட்டிருக்கும். அறிக்கையில் நீர் நன்றாகவே இருக்கும்.

தீர்வு என்று வரும்போது நான் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். கோயில் தெப்பக்குளத்துக்கு ஏரேட்டர் பொருத்தலாம், அது பயன்தரும். ஆற்றுக்கு அது பொருந்தாது. 30 லிட்டர் நல்ல நீரின் மூச்சைக் கேட்கும் ஒரு லிட்டர் சாக்கடையை வாசலிலேயே நிறுத்துவதுதான் ஆற்றுக்கான ஏரேட்டர். உய்யக்கொண்டானிலும் குடமுருட்டியிலும் கலக்கும் ஒவ்வொரு வீட்டுக் குழாயும், ஒவ்வொரு கடைக் குழாயும் பாதாளச் சாக்கடையோடு இணைய வேண்டும். கோடையில் கொள்ளிடத்து மடுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு அறாத அளவுக்காவது நீர் கசிந்து ஓட வேண்டும். மணல் குழிகள் இனியும் ஆழமாகக் கூடாது.

அதற்கெல்லாம் காலம் ஆகும் என்றால், அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மாதிரி எடுக்கும் நேரத்தை மாற்றலாம். பங்குனி முதல் ஆனி வரை, குடமுருட்டி காவிரியில் சேரும் இடத்துக்குக் கீழே ஒன்று, ஓடத்துறையில் ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்து மடுவில் ஒன்று என்று விடிவதற்கு முன் அளந்து, அந்த எண்ணை மீன் பிடிப்பவர்கள் பார்க்கும்படி எழுதி வைக்கலாம். வாரியம் செய்தால் நல்லது. கல்லூரி மாணவர்கள் செய்தாலும் போதும்.

இதைப் படிப்பவர் ஒரு காலை ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ செத்த மீன்களைப் பார்க்க நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செத்தவற்றின் அளவையும் இனத்தையும் எழுதுங்கள், உயிரோடு இருப்பவை எவை என்று தேடுங்கள், ஒரு புட்டி நீரை விளிம்பு வரை நிரப்பிக் காற்றுப் புகாமல் மூடி, அருகிலுள்ள கல்லூரிக்கு உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். மீன்களை அள்ளிப் புதைக்கும் வண்டி வருவதற்குள் இவை முடிந்துவிட வேண்டும்.